வாய்க்கு வராத எஸ்டிமேட்

மார்ச் 4

சம்பந்தி அவர்களுக்கு வணக்கம்.

இங்கே எல்லோரும் நலம். உங்கள் மகள் நன்றாகச் சாப்பிடுகிறாள், நன்றாகத் தூங்குகிறாள், என்னை எதிர்த்தும் பேசுகிறாள். ஆகவே கவலை வேண்டாம். என் மகன் கப்பலிலிருந்து இறங்க இன்னும் ஆறு மாதம் ஆகுமாம். நலம் விசாரிக்கும் பகுதி இத்துடன் முடிந்தது.

ஜீப்புக்கு அந்த ஆட்டம் திரும்ப வந்துவிட்டது. மலையில் போன் எடுக்காது. பாறைமேல் ஏறி நின்று கத்தினால் பாதிப் பேச்சு உங்களுக்கும் பாதி காட்டுக்கும் போகிறது. இந்த விஷயத்தில் முழுப் பேச்சும் உங்களுக்கே வந்து சேரட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

போன திங்கள் இறக்கத்தில், சிறுபாலம் தாண்டி ஒரு பள்ளம் இருக்கிறதே, அதில் இடது முன்சக்கரம் இறங்கியது. நாற்பதில்தான் போனேன். உடனே ஸ்டீரிங் கையை விட்டுப் பிடுங்கிக்கொண்டு இடமும் வலமும் அடிக்க ஆரம்பித்தது. வண்டியின் முகமே தலையாட்டியது. நிறுத்தும் வரை அது நிற்கவில்லை. பின்னால் சர்வேயர் இருந்தார். ரிட்டயராகிப் பத்து வருஷம் ஆகியும் அவருக்கு அதுதான் பேர். வாரம் மூன்று நாள் கீழே மருத்துவமனைக்குப் போய் ரத்தத்தைச் சுத்தம் செய்துகொண்டால்தான் அந்த மனிதர் உயிரோடு இருப்பார். "ஏம்மா, ரத்தத்த அங்க போய்த்தான் சுத்தம் பண்ணணுமா? நீ இங்கயே குலுக்கி எடுத்துடுவ போலிருக்கே" என்றார்.

போன ஜூனில் ஸ்டீரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் டை ராட் எண்ட் ஒன்று மாற்றினீர்கள், இரண்டாயிரத்து எண்ணூறு. செப்டம்பரில் ஸ்பிரிங் கட்டுக்கு ரப்பர் புஷ்கள், ஆறாயிரத்து இருநூறு. ஜனவரியில் ஆட்டத்தை அடக்க ஒரு டாம்பர், ஒன்பதாயிரம். ஒவ்வொரு தடவையும் "இனிமே வராதுங்க" என்றீர்கள். பதினெட்டாயிரம் போயிற்று. ஆட்டம் மட்டும் போகவில்லை. உண்மையில் இதற்கு என்ன செய்ய வேண்டும், என்ன ஆகும்? ஒரே வரியில் பதில் எழுதினால் போதும்.

இப்படிக்கு,
உங்கள் சம்பந்தி

*

மார்ச் 9

மரியாதைக்குரிய சம்பந்தியம்மா அவர்களுக்கு,

தங்கள் கடிதம் கிடைத்தது. தாங்கள் பட்ட சிரமத்தைப் படித்து மிகவும் வருந்தினேன். என் மகள் எதிர்த்துப் பேசுகிறாள் என்று எழுதியிருந்தீர்கள். அவள் அம்மா இருந்திருந்தால் சொல்லி வளர்த்திருப்பாள். என் வளர்ப்பில் பட்டறைப் பேச்சு கொஞ்சம் ஒட்டிக்கொண்டது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

வண்டி விஷயம். டாம்பரில் எண்ணெய் கசிந்திருக்கலாம். அதைக் கழற்றி பால் வண்டியில் கொடுத்துவிட்டால் வேறு மாற்றித் தருகிறேன். அதற்கு ஒன்றும் தர வேண்டாம். டயரில் காற்று இரண்டு பாயிண்ட் குறைத்துப் பாருங்கள். முப்பதுக்கு மேல் போகாதீர்கள். வண்டிக்கு வயதாகிவிட்டது, நமக்கும்தான். கொஞ்சம் கொஞ்சமாகப் பார்த்துக்கொள்ளலாம்.

மாப்பிள்ளையை விசாரித்ததாகச் சொல்லவும். சர்வேயர் ஐயாவிடம் என் சார்பில் மன்னிப்புக் கேட்கவும்.

தங்கள் அன்பு மறவாத,
சம்பந்தி

*

மார்ச் 17

சம்பந்திக்கு,

கையெழுத்து கோணலாக இருக்கும். கண்டுகொள்ள வேண்டாம்.

ஒரே வரியில் பதில் கேட்டேன். ஒரு பக்கம் எழுதினீர்கள், அதில் அந்த ஒரு வரி மட்டும் இல்லை. கழுவுற மீனில் நழுவுற மீனாக இருக்கிறீர்கள். அதனால் நேற்று முன்தினம் வண்டியை உருட்டிக்கொண்டு போய் பெரிய ரோட்டில் இருக்கும் அந்தக் கண்ணாடிச் சுவர் ஒர்க்‌ஷாப்பில் காட்டினோம். உட்கார ஏசி ரூம், குடிக்கக் காபி. காபி குடித்து முடிக்கும் முன்பே எஸ்டிமேட் வந்துவிட்டது. ஒரு லட்சத்துப் பதினெட்டாயிரம். முன்பக்கம் இருக்கிற எல்லாவற்றையும் கழற்றிப் போட்டுப் புதிதாக மாட்டுவார்களாம். ஜீப்பை விற்றாலும் அவ்வளவு வராது என்றேன். அதற்கு ஒரு சிரிப்பு சிரித்தார்கள்.

அது போகட்டும். அங்கே அடியில் படுத்துப் பார்த்த ஆள் வயதானவர். வெளியே வந்து கை துடைத்துக்கொண்டே சொன்னார்: "யாரும்மா இத பாத்தது? நல்லா வேல தெரிஞ்ச கை. ஆனா வண்டிய சரி பண்ணணும்னு செய்யல. பில்லு ஏறக்கூடாதுன்னு செஞ்சிருக்காங்க."

இதைக் கேட்டதிலிருந்து எனக்கு மனசே சரியில்லை. உங்களுக்கு முன்பே தெரியுமா, தெரியாதா? தெரியாது என்றால் நீங்கள் மெக்கானிக் இல்லை. தெரியும் என்றால் நீங்கள் என்ன சம்பந்தி?

மருத்துவமனை வண்டி அதிகாரி ஏப்ரல் முப்பது வரை கெடு கொடுத்திருக்கிறார். அதற்குள் ஆட்டம் நின்று சோதனையில் பாஸ் ஆகாவிட்டால் நோயாளிகளை ஏற்றும் ஒப்பந்தம் வேறு ஆளுக்குப் போய்விடும். அந்த ஆளிடம் இருப்பது சாதாரண வேன். மழை பெய்தால் மலை ஏறாது. பிறகு சர்வேயர் கதி என்ன, என் கதி என்ன என்று நீங்களே யோசித்துப் பாருங்கள்.

*

மார்ச் 21

சம்பந்தியம்மா,

தெரியும்.

போன ஜூனில் முதல் நாள், சக்கரத்தைத் தூக்கி வைத்து ஆட்டிப் பார்த்தபோதே தெரியும். சக்கரம் திரும்புகிற இடத்தில் மேலும் கீழும் கிங்பின் என்று இரண்டு முளை இருக்கிறது. அதன் பேரிங் நான்கும் தேய்ந்து கிடந்தன. இடது ஸ்பிரிங்கில் இரண்டு பட்டை உட்கார்ந்துவிட்டன. ஸ்டீரிங் பாக்ஸுக்குள்ளும் தேய்மானம். எல்லாம் சேர்த்துக் கூலியோடு நாற்பத்தோராயிரம். அன்றைக்கே ஒரு தாளில் எழுதினேன். அந்தத் தாள் இன்னும் என் மேசை டிராயரில்தான் இருக்கிறது.

நீங்கள் அப்போது ஸ்டூலில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தீர்கள். தாளைக் கையில் எடுத்துக்கொண்டு நாலடி நடந்து வந்தேன். "என்னங்க, பெருசா ஒண்ணும் இல்லையே?" என்று கேட்டீர்கள். தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன். "ஒரு சின்ன எண்டு மட்டும் போயிருக்குங்க" என்று சொல்லிவிட்டேன்.

ஏன் என்று கேட்பீர்கள். கல்யாணத்தன்று சாப்பாட்டுப் பந்தியில் உங்கள் தங்கச்சியிடம் நீங்கள் சொன்னது எனக்கு அடுத்த வரிசையில் கேட்டது. "இனி ஜீப்புக்கு செலவே கிடையாது. மெக்கானிக்கையே வாங்கிட்டோம்ல." எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சொல்லுகிறேன் என்று கோபிக்க வேண்டாம், அந்த 'வாங்கிட்டோம்' எனக்குள் முள்ளாகத் தைத்து நின்றுவிட்டது. பெண் கொடுத்த வீட்டில் போய் நாற்பத்தோராயிரம் கொடு என்று எப்படிக் கேட்பது? கேட்டால் அங்கே அவளுக்கு என்ன பேச்சு விழுமோ? இலவசமாகச் செய்து கொடுக்க என்னிடமும் பணம் இல்லை. அவள் கல்யாணத்துக்கு வாங்கிய கடன் இன்னும் முடியவில்லை. அதனால் ஒவ்வொரு தடவையும் உங்களுக்கு வலிக்காத அளவுக்கு ஒரு தொகையை முதலில் முடிவு செய்துகொண்டு, அந்தத் தொகைக்குள் என்ன செய்ய முடியுமோ அதைச் செய்தேன். முப்பது வருஷத்தில் எந்த வண்டிக்கும் நான் இப்படிச் செய்ததில்லை. டாம்பர் மாட்டியது நோயை மூடி வைத்ததுதான். அது ஆட்டத்தை இரண்டு மாதம் மறைத்தது, அதற்குள் பேரிங் இன்னும் தேய்ந்துவிட்டது.

இப்போது நாற்பத்தொன்றில் முடியாது. முளை உட்காரும் இடமும் அரித்திருக்கும். பார்த்துத்தான் சொல்ல வேண்டும்.

உங்கள் கையெழுத்து கோணலாக இருக்கும் என்று எழுதியிருந்தீர்கள். கோணல் இல்லை. அது வேறு கை. என்ன ஆயிற்று?

*

மார்ச் 27

சம்பந்தி,

உங்கள் கடிதத்தைப் படித்து இரண்டு நாள் ஆயிற்று. முதல் நாள் உங்கள் மேல் கோபம். இரண்டாம் நாள் என் மேல்.

நான் அதைச் சொன்னது எனக்கு நினைவே இல்லை. உங்கள் மகளிடம் கேட்டேன். "சொன்னீங்க அத்தை. அப்பா அன்னிக்கு பாயசத்தத் தொடவே இல்ல" என்றாள். வாய் இருக்கிறதே என்று பேசுகிற ஜாதி நான். வாய் இருந்தும் பேசாத ஜாதி நீங்கள். நம் இரண்டு பேருக்கும் நடுவில் அந்த ஜீப் மாட்டிக்கொண்டது. வாங்கிட்டோம் என்று சொன்னதற்கு மன்னித்துக்கொள்ளுங்கள். இதை நேரில் சொல்ல எனக்கு வராது, எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

இனி கை விஷயம். மார்ச் 11, பாறை ஏற்றம். இருபதில்தான் போனேன், நீங்கள் சொன்ன முப்பதுகூட இல்லை. சக்கரம் கல்லில் முட்டியது, ஸ்டீரிங் சுழன்று அடித்தது. கட்டைவிரலை வளையத்துக்குள் விட்டுப் பிடித்திருந்தேன். விரல் இரண்டு இடத்தில் முறிந்துவிட்டது. மாவுக்கட்டு போட்டிருக்கிறார்கள், ஆறு வாரம். இடது கையால் எழுதுகிறேன், சோறும் அதே கையால்தான் ஸ்பூனில். வலி இப்போது பரவாயில்லை.

இந்த அடுத்த விஷயத்தை எழுத வேண்டாம் என்று உங்கள் மகள் காலைப் பிடிக்காத குறையாகச் சொன்னாள். எழுதாவிட்டால் நானும் உங்களைப் போல முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தவள் ஆகிவிடுவேன். மார்ச் 12 முதல் ஜீப்பை ஓட்டுவது அவள்தான். சர்வேயருக்கு ஒரு நாள் தவறினால் உடம்பு வீங்கிவிடும், வேறு டிரைவர் இந்தப் பாதைக்கு வரமாட்டேன் என்கிறான். "நான் ஓட்டறேன். எங்கப்பா பட்டறையில ஓட்டாத வண்டியா" என்று சாவியை எடுத்துக்கொண்டாள். முதல் கியரிலேயே இறக்குகிறாள், பிரேக்கைத் தொடுவதில்லை. என்னைவிட நன்றாக ஓட்டுகிறாள் என்று சர்வேயர் என் முகத்துக்கு நேரே சொல்லுகிறார்.

ஆனால் தினமும் அவள் திரும்பி வரும் வரை நான் வாசலில்தான் நிற்கிறேன். பயமாக இருக்கிறது, சம்பந்தி. இதற்கு மேல் எனக்கு எழுத வரவில்லை.

ஒன்று மட்டும். இனி நான் உங்கள் சம்பந்தியாக வரமாட்டேன். வாடிக்கைக்காரியாக வருகிறேன். எஸ்டிமேட் போடுங்கள்.

*

மார்ச் 30

ஜீப் உரிமையாளருக்கு,

வண்டியை நிறுத்துங்கள். இந்தக் கடிதம் கிடைத்த நிமிஷத்திலிருந்து ஒரு ஆளையும் ஏற்றக்கூடாது.

முன்சக்கரத்தை ஜாக்கியில் தூக்குங்கள். என் மகள் ஒரு கையை டயரின் மேலும் ஒரு கையைக் கீழும் வைத்து உள்ளே வெளியே ஆட்டட்டும். நீங்கள் குனிந்து சக்கரத்துக்குப் பின்னால் முளை இருக்கும் இடத்தைப் பாருங்கள். நகம் நுழையும் அளவு ஆடினால் வண்டி அங்கேயே இருக்கட்டும், நான் கருவிகளோடு மேலே வருகிறேன். அதைவிடக் குறைவாக ஆடினால் வெறும் வண்டியாக, பத்து வேகத்துக்கு மேல் போகாமல், நாலாம் தேதி காலையில் இறக்கச் சொல்லுங்கள். கட்டைவிரல் வளையத்துக்கு வெளியே இருக்க வேண்டும். இதை அவளுக்குச் சொல்லிக் கொடுக்க மறந்தது என் தப்பு.

மண் பாதை முடியும் இடத்தில் காத்திருப்பேன்.

சர்வேயர் ஐயாவை அதற்கு முன்பே பால் வண்டியில் அனுப்பிவிடுங்கள், கேன்களுக்கு நடுவில் ஒரு நாள் மட்டும் பொறுத்துக்கொள்ளட்டும். என் மாடி அறை காலிதான். மருத்துவமனை நடக்கிற தூரம். நடக்க முடியாவிட்டால் நான் ஸ்கூட்டரில் கொண்டுபோய் விடுகிறேன்.

மெக்கானிக்

*

ஏப்ரல் 10

சம்பந்தியம்மா அவர்களுக்கு,

நாலாம் தேதி ஏழு மணிக்கே போய் நின்றுவிட்டேன். பதினொரு கிலோமீட்டர் இறங்க அவளுக்கு மூன்று மணி நேரம் ஆயிற்று. வளைவில் முதலில் சத்தம்தான் கேட்டது. என்ஜின் சத்தம் ஏறாமல் இறங்காமல் ஒரே சீராக வந்தது. யாரோ கைதேர்ந்த டிரைவர் என்று ஒரு நிமிஷம் நினைத்தேன். பிறகுதான் வண்டி கண்ணில் பட்டது. இறங்கி வந்து, "என்னப்பா, எஸ்டிமேட் ரெடியா?" என்றாள். நான் ரோட்டோரத்திலேயே உட்கார்ந்துவிட்டேன். அவளைத் திட்ட வேண்டும் என்று நினைத்துக்கொண்டு போனவன் ஒரு வார்த்தையும் திட்டவில்லை.

வண்டியைப் பிரித்துவிட்டேன். அவளும் கூட வேலை செய்கிறாள். கிங்பின் பேரிங் நான்கும் புதுசு. அரித்துப்போன இடத்துக்கு லேத்தில் கடைந்த வளையம். இரண்டு பக்கமும் ஸ்பிரிங் பட்டை புதுசு, ஒரு பக்கம் மட்டும் மாற்றினால் வண்டி சாயும். ஸ்டீரிங் பாக்ஸைப் பிரித்துத் தேய்ந்ததை மாற்ற வேண்டும். டை ராட் எண்ட் நான்கையும் ஒரே சமயத்தில் மாற்ற வேண்டும். சாமான் மட்டும் நாற்பத்தொன்பதாயிரத்து நானூறு. பில் இத்துடன் இருக்கிறது.

சர்வேயர் ஐயா மாடியிலிருந்து மேற்பார்வை பார்க்கிறார். நேற்று முன் அச்சை டேப் வைத்து அளந்து, ஒரு பக்கம் மூன்று மில்லிமீட்டர் பின்னால் இருக்கிறது என்று கண்டுபிடித்தார். உண்மைதான். அதையும் சரி செய்கிறேன்.

சம்பந்தி

*

ஏப்ரல் 14

சம்பந்தி,

பில்லைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். கூலி எங்கே?

சாமானுக்கு மட்டும் பில் போட்டால் அந்தச் சாமானெல்லாம் தானாக நடந்து போய் வண்டியில் ஏறிக்கொண்டதா? மாற்றி எழுதி அனுப்புங்கள். கூலி இல்லாத பில்லுக்கு நான் ஒரு காசு தரமாட்டேன். உங்கள் மகள் செய்த வேலைக்கும் கூலி போட வேண்டும், அது அவள் கைக்குப் போக வேண்டும்.

அந்தப் பழைய பதினெட்டாயிரத்தைக் கழிக்கிறேன் என்று நீங்கள் கிளம்புவீர்கள், எனக்குத் தெரியும். முழுவதும் கழிக்கக்கூடாது. அதில் பாதி என் வாய் பேசியதற்கு அபராதம், பாதி உங்கள் வாய் பேசாததற்கு. ஒன்பதாயிரம் கழித்தால் போதும். மருத்துவமனை கொடுத்த முன்பணத்தோடு கையிருப்பைச் சேர்த்து முப்பதாயிரம் அனுப்புகிறேன். மீதி ஆறு மாதத்தில். வட்டி கேட்டால் சண்டைக்கு வருவேன், கேட்காவிட்டாலும் வருவேன்.

வீடு வெறிச்சென்று இருக்கிறது. எதிர்த்துப் பேச ஆள் இல்லாமல் சாப்பாடு இறங்க மாட்டேன் என்கிறது. இதை அவளிடம் சொல்ல வேண்டாம்.

*

ஏப்ரல் 23

சம்பந்தியம்மா,

சாமான் நாற்பத்தொன்பதாயிரத்து நானூறு. கூலி பதினாலாயிரம், அதில் நாலாயிரம் என் மகளுக்கு. மொத்தம் அறுபத்து மூவாயிரத்து நானூறு. இந்தத் தொகையை இரண்டு தடவை எழுதி அடித்தேன். ஆனால் எழுதிவிட்டேன்.

நேற்று ஓட்டிப் பார்த்தோம். ஆறு ஆள் எடைக்கு மணல் மூட்டை ஏற்றினோம். அவள் ஓட்டினாள், நான் பக்கத்தில். ஆற்றோரப் பாதையில் வேண்டுமென்றே பள்ளமாகப் பார்த்து விடச் சொன்னேன். முப்பது, நாற்பது, நாற்பத்தைந்து. இடது சக்கரம் இறங்கி ஏறியது, ஸ்டீரிங் நேராகவே நின்றது. டாம்பரைக் கழற்றி வைத்துவிட்டு இன்னொரு தடவை விட்டோம். அப்போதும் ஆடவில்லை. பின்னால் மூட்டைகளுக்கு நடுவில் உட்கார்ந்திருந்த சர்வேயர் "போதும்பா, எனக்கு நம்பிக்க வந்துடுச்சு, வீட்டுக்கு விடு" என்றார். பிறகு டாம்பரைத் திரும்ப மாட்டிவிட்டேன். இனி அது கல்லில் முட்டும்போது உங்கள் விரலைக் காப்பாற்ற மட்டும்தான்.

புது ஸ்பிரிங் முதலில் கட்டையாக இருக்கும், போகப் போகச் சரியாகும். ஆயிரம் கிலோமீட்டர் ஓடியதும் ஸ்பிரிங் கட்டும் போல்ட்டுகளை இறுக்க வேண்டும்.

சோதனை இருபத்தெட்டாம் தேதி. நான் வரவில்லை. வந்தால் அந்த அதிகாரி வண்டிக்கு அடியில் போகும்போது நானும் கூடப் போய்ப் படுத்துவிடுவேன்.

*

மே 2

சம்பந்திக்கு,

மாவுக்கட்டு பிரித்தாகிவிட்டது. இது வலது கை எழுத்து. இன்னும் கொஞ்சம் இழுக்கிறது, ஆனால் என்னுடையது.

பாஸ். ஒப்பந்தம் இரண்டு வருஷத்துக்கு. முதல் செய்தியை முதலில் சொல்லிவிட்டேன், இனி நடந்ததைச் சொல்லுகிறேன்.

இருபத்தெட்டாம் தேதி மருத்துவமனை முற்றத்தில் வண்டியை நிறுத்தினோம். அந்த வண்டி அதிகாரி சிடுசிடுப்பான ஆள். சக்கரத்தைத் தூக்கி ஆட்டினார், அடியில் படுத்தார், வெளியே வந்தார், திரும்ப ஒரு தடவை படுத்தார். பிறகு உங்கள் மகளை ஓட்டச் சொல்லி, தானே பக்கத்தில் ஏறிக்கொண்டு பின்பக்கம் உடைந்து கிடக்கும் ரோட்டில் போனார். நானும் மற்ற வண்டிக்காரர்களும் நின்றுகொண்டிருந்தோம். கால் மணி நேரம் கழித்து வந்தார்கள். ஆள் இறங்கி, "யாரும்மா வேல பாத்தது?" என்று கேட்டார்.

"எங்கப்பா."

"ஓ. அப்ப செலவில்லாம முடிஞ்சிருக்கும்."

எனக்குச் சுருக்கென்றது. நான் அன்று பந்தியில் சொன்ன அதே பேச்சு, வேறு வாயில். நான் வாயைத் திறப்பதற்குள் அவள் சொல்லிவிட்டாள். குரலை இறக்கவும் இல்லை, என்னைத் திரும்பிப் பார்க்கவும் இல்லை.

"அறுபத்து மூவாயிரத்து நானூறு சார். சாமான் தனி, கூலி தனி. எங்க அத்தை கூலியையும் சேத்துப் போடச் சொன்னாங்க."

முற்றத்தில் ஏழெட்டு வண்டிக்காரர்கள் இருந்தார்கள். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். நான் எவ்வளவு செலவழித்தேன் என்று ஊருக்கே கேட்டது. என் வாழ்க்கையில் அவ்வளவு பெருமையாக நான் நின்றதே இல்லை, சம்பந்தி. அழுதுவிடுவேனோ என்று பயந்து கண்ணாடியைத் துடைக்கிற மாதிரி ஜீப்பைச் சுற்றி வந்தேன்.

அதிகாரி இன்னொரு தடவை முன்சக்கரத்தைக் குனிந்து பார்த்தார். பிறகு மருத்துவமனையின் சொந்த ஜீப்புகள் இரண்டுக்கும் இதே ஆட்டம் என்று சொல்லி உங்கள் விலாசம் கேட்டார். உங்கள் மகள் எழுதிக் கொடுத்திருக்கிறாள். திங்களன்று வருவார்கள். சக்கரத்தைத் தூக்கி ஆட்டிப் பாருங்கள், தாளில் எழுதுங்கள், எழுதியதை அப்படியே அவர்களிடம் சத்தமாகப் படித்துக் காட்டுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கைக்காரி, சம்பந்தியும்கூட